காலர் வைத்த சுடிதார்

பாதி பிளேடை விரல் நுனிகளில் பிடித்துக்கொண்டு, காலரின் தையலை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு போகின்றன அந்தக் கைகள். அறுந்த நூலைப் பிடித்து இழுப்பதில்லை. துணி சுருங்காமல் ஒற்றி எடுக்கின்றன. புதுத் துணி, கஞ்சி வாசனைகூடப் போகவில்லை. காலருக்குள்ளிருந்து விறைப்பான கேன்வாஸ் வெளியே வருகிறது. போன வாரம் அதை உள்ளே வைத்துத் தைத்ததும் இதே கைகள்தான்.

பிரிசில்லாவின் கடை கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி இருக்கிறது. ஒரு மெஷின், ஒரு கண்ணாடி, துணி மாற்ற ஒரு திரை. சர்ச் கூடத்தில் நடந்த தையல் வகுப்பில் பாவாடையும் ஜாக்கெட்டும் கற்றுக்கொண்டார். அதோடு வகுப்பு நின்றுபோனது. மிச்சத்தையெல்லாம் பழைய துணிகளைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். அவர் தைத்ததில் இழுப்பு, சுருக்கம் எதுவும் இருக்காது. திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் மிகக் குறைவு.

இந்தச் சுடிதார் திரும்பி வந்தது. பத்தாவது படிக்கும் அறிவுமதியுடையது. அவளுடைய அம்மா கொளஞ்சி பக்கத்துத் தெருவில் இருக்கிறார். வருஷா வருஷம் ஸ்கூல் திறக்கும்போது யூனிபார்ம் துணியோடு வந்து, வளர்ற புள்ள, உள்ளே துணி ஜாஸ்தி விட்டுத் தைங்கக்கா என்பார். இறுக்கமானால் அந்தத் துணியைப் பிரித்துவிட்டால் போதும். யூனிபார்ம் எப்போதும் பொருந்தியே இருந்ததால், இடுப்பு எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த வருஷம் பிரித்துவிட உள்ளே துணியே மிச்சமில்லை. பக்கவாட்டில் ஒட்டுத்துணி வைக்க வேண்டியிருந்தது. அப்போதும் இரண்டு பெண்களும் பிள்ளை நன்றாக வளர்கிறாள் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

கொளஞ்சிக்குக் கவலை வேறொன்றில் இருந்தது. மகளின் பிடரியில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. அழுக்கு என்று நினைத்துப் பயத்தமாவு போட்டார், பீர்க்கு நாரால் தேய்த்தார். தோல் புண்ணானதே தவிர கறுப்பு போகவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் கழுத்தைப் பார்த்துவிட்டு, இது அழுக்கில்லை, உடம்பில் சர்க்கரை ஏறுவதற்கு அடையாளமாக இருக்கலாம் என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. இன்னும் நோயாகவில்லை, இப்படியே விட்டால் ஆகிவிடும் என்றார். சாயங்காலம் பேக்கரி பப்ஸும் பாட்டில் ஜூஸும் வேண்டாம், சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள், போனை வைத்துவிட்டு நேரத்துக்குத் தூங்க வேண்டும், தினமும் வியர்க்க விளையாட வேண்டும் என்று சொன்னார். டீயில் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லம் போட்டுக் குடிக்கலாமா என்று கொளஞ்சி கேட்டதற்கு, இதற்கு இரண்டும் ஒன்றுதான் என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

சாப்பாட்டை மாற்றிவிட்டார்கள். விளையாட்டுதான் நடக்கவில்லை. அறிவுமதி எட்டாவது வரை எறிபந்து நன்றாக ஆடியவள். துப்பட்டாவைக் கழற்றி வைத்து ஆடும்போது, கூட ஆடும் பிள்ளைகள் கரிச்சட்டி கழுத்து என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நின்றுவிட்டாள். கழுத்து மூடியிருந்தால் போகிறேன் என்றாள். அதற்காகத்தான் விளையாடப் போட்டுக்கொள்ள இந்தப் புதுச் சுடிதாரும் காலரும்.

பிரிசில்லா தன் வழக்கப்படி மடங்காமல், சுருங்காமல், முடி தொடங்கும் இடம் வரை நிற்க வைத்தார். கண்ணாடி முன்னால் அழகாகத்தான் இருந்தது. முதல் நாள் ஆட்டத்தில், பந்து தோளுக்கு மேலே போனபோது அவளால் தலையைத் திருப்ப முடியவில்லை. வியர்வை உள்ளே நின்று புண்ணில் எரிந்தது. பாதியில் வந்துவிட்டாள். மறுநாளிலிருந்து போகவில்லை.

சாயங்காலம் நாலரை மணிக்கு அம்மாவும் மகளும் வந்தார்கள். காலரின் இரு பக்கத் துணியையும் சேர்த்து, பிறகு பிரிக்க வசதியாக ஓட்டுத்தையல் மட்டும் போட்டு வைத்திருந்தார் பிரிசில்லா. போட்டுக்கொண்டு பந்து எறிவதுபோல் கையைத் தூக்கச் சொன்னார். சென்ற முறை கையைத் தொங்கவிட்டு நின்றவளைத்தான் அளந்திருந்தார். இப்போது தூக்கிய கையோடு அக்குளை அளந்தார், திரும்பிய தலையோடு கழுத்தை அளந்தார். அக்குளில் சின்னதாக ஒரு சதுரத் துண்டு போதும். காலர்தான் பிரச்சினை. சாக்குக்கட்டியால் அதில் இரண்டு கோடு போட்டு, கழற்றி மேஜைமேல் விரித்தார்.

“மேக்கோட்டுல வெட்டுனா கழுத்து மறையும், ஆனா திரும்புறது கஷ்டம்தான். கீக்கோட்டுல வெட்டுனா நல்லா திரும்பலாம், பின்னாடி கொஞ்சம் தெரியும். ரெண்டும் ஒண்ணா வராது. எங்க வெட்டட்டும்?”

“மேலயே வெட்டுங்கக்கா,” என்றார் கொளஞ்சி. “மறைக்கத்தான இவ்ளோ பாடு. தெரிஞ்சா மறுபடியும் வூட்லயே குந்திக்குவா.”

பிரிசில்லா கத்தரியை எடுக்கவில்லை, அறிவுமதியைப் பார்த்தார். அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கீழ்க்கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

“தெரியுமேடி,” என்றார் அம்மா.

“தெரியட்டும். மேல வெட்டுனதப் போட்டுட்டுப் போய், திரும்ப முடியாம பந்த வுட்டுட்டு நின்னா, அதுக்கும் சேத்துதான் சிரிப்பாளுங்க.”

கத்தரி ஓடியது. கேன்வாஸ் வைக்காமல், மெல்லிய காட்டனை உட்புறம் கொடுத்துக் காலரைப் படிய வைத்தார். அக்குள் துண்டுகளையும் சேர்த்தார். கொளஞ்சி ஸ்டூலில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிசிறு நூலெல்லாம் வெட்டியானதும், சுடிதாருக்காகப் பையை விரித்துப் பிடித்தார்.

பிரிசில்லா பையில் போடவில்லை. திரையை விலக்கி, சுடிதாரை அறிவுமதியின் கையிலேயே கொடுத்தார்.

“இங்கயே மாத்திக்க. அப்டியே கிரவுண்டுக்குப் போ.”