பிழையில்லாமல் எழுதிய ஒரு சொல்

கைவலியால் என்னால் தட்டச்சு செய்ய முடியாமல் போனதும், நாம் ஆங்கிலத்தில் பேசினால் அதை எழுதித் தரும் மென்பொருளை மகள் கவிதாதான் கணினியில் போட்டுத் தந்தாள். என் குரலை அதற்குப் பழக்குவது பெரும்பாடாக இருந்தது. எங்கள் முகவரியில் வரும் தெருப்பெயர் ‘காஜா பேராங்’, ‘கராஜ் பேர்னிங்’ ஆகிவிடும். எத்தனை முறை திருத்தினாலும் அப்படித்தான்.

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான், கணக்கில் தோற்றுவிட்டதாகக் கவிதா வந்து சொன்னாள்.

“இத்தனை டியூஷன் வச்சும் ஃபெயிலா? யூஸ்லெஸ்!” என்று தொடங்கிய நான், நிறுத்தவே இல்லை.

அவள் கொட்டும் மழையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பினால், மைக் அணைக்கப்படாமல் இருந்தது. திரை முழுக்க என் கத்தல், குளறுபடியான ஆங்கிலத்தில். ‘யூஸ்லெஸ்’ மட்டும் ஐந்து இடங்களில், எழுத்துப் பிசகாமல்.

கைப்பேசியில் அழைத்தேன், எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். இரண்டு மணி நேரம் கழித்து, நனைந்து நடுங்கியபடி வந்தாள். நான் அவசரமாக அழிக்கப் போனேன். அதற்குள் படித்துவிட்டாள்.

“விடுங்கமா. அடிக்கடி கேக்குற வார்த்தைய அது கரெக்டா பிடிச்சிக்கும்லா.”

அவள் சிரிக்கவில்லை.

அந்த மென்பொருள் என் குரலைக் கேட்டது மூன்றே வாரம். கவிதா பதினேழு வருடமாகக் கேட்கிறாள்.