விழாத இளங்கொடி

எங்கள் சிந்து மாடு மூன்றாவது கன்று போட்ட அன்று, கட்டுத்தரையில் காவல் இருக்கும் பெரிய பொறுப்பு எனக்குக் கிடைத்தது. கன்று பிறந்த பிறகு நஞ்சுக்கொடி, எங்கள் பேச்சில் இளங்கொடி, விழும். அதை மாடு தின்றுவிட்டால் பால் வற்றிவிடும் என்பார்கள். விழுந்ததும் வைக்கோலில் பொதிந்து சாக்கில் கட்டி, அப்பா சைக்கிளில் கொண்டுபோய் ஆலமரத்தில் தொங்கவிடுவார். பின்னால் உட்கார்ந்து போகலாம் என்ற ஆசையில் நான் மாட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது.

பொழுது சாய்ந்தும் கொடி விழவில்லை. மூங்கில் இலை கொடுத்தார்கள், வெல்லம் கொடுத்தார்கள். மாடு எல்லாவற்றையும் தின்றது, அவ்வளவுதான். அந்த மாட்டை நம்பித்தான் வீடு ஓடியது. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை.

"காலைல கட்டுத்தரைக்கு யாரு வந்தா?" என்று கேட்டார்.

விடை தெரிந்த கேள்வி என்ற உற்சாகத்தில், "அத்தைங்க! வயித்தத் தடவிக்கூட உட்டாங்க" என்றேன்.

அத்தை அப்பாவின் தங்கை. இரண்டு முறை கரு கலைந்து, உடம்பு தேற எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்படிப்பட்டவர்கள் சினைமாட்டின் பக்கம் போகக் கூடாது என்று ஊரில் ஒரு வழக்கம் இருந்தது எனக்குத் தெரியாது. அம்மா திட்டவில்லை, வாசலில் நின்ற அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அதுதான் மோசம். அத்தை தானாகவே போய்த் தண்ணீர்த் தொட்டியோரம் நின்றுகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. எல்லாம் என் திருவாயால் வந்தது.

மறுநாள் காரமடையிலிருந்து மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். "கண்ணு கிண்ணு பட்டிருக்குமுங்களா?" என்று அப்பா தயங்கிக் கேட்டதும் டாக்டர் சிரித்துவிட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கன்னுல பாதி காளையோட அம்சம். தாய் ஒடம்புக்கு அது வேத்தாளு. நோவு நொடிய அடிச்சுத் தொரத்தற சக்தி ரத்தத்துல இருக்குதல்லங்க, சினையா இருக்கறப்ப அது வேத்தாளக் கண்டும் காணாம உடோணும். கன்னு போட்டதும் முழிச்சுக்கிட்டுக் கொடியக் கழட்டி உடோணும். உங்க மாட்டுக்கு அது முழிக்கல."

அன்றும் தொட்டியோரத்திலேயே ஒதுங்கி நின்ற அத்தை கேட்டார்: "ஏனுங்க டாக்டர், முன்னாலயே முழிச்சுக்கிச்சுன்னா?"

"சிலதுக்கு அதனாலயும் கரு தங்காதுங்க. அதுக்கு மாடு என்னங்க பண்ணும், பாவம்."

"நம்ம மாடு அப்பிடியெல்லாம் பண்ணாதுங்க அத்தை" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

அம்மா என்னை முறைத்தார். பிறகு தொட்டியடிக்குப் போய் அத்தையைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, கன்றின் கயிற்றைக் கொடுத்தார்.

"நீயே கன்னுக்குப் பால் ஊட்ட உடு, அம்மணி."

அத்தை கயிற்றைப் பிடித்தபடி விசும்பி விசும்பி அழுதார். கன்று அவர் காலை மிதித்துவிட்டதாக்கும் என்று நினைத்து, நான் அதன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.