எவாரிஸ்டோவின் புழுதி

தெற்கு ஸ்பெயினில் எங்கள் தபெர்னாஸ் பாலைவனத்துக்குப் புகைப்படமெடுக்க வருகிறவர்கள் முதலில் என் மதுக்கடைக்கு வருவார்கள். எந்த மாதம் நல்லது என்று கேட்டால் எவாரிஸ்டோவைக் காட்டுவேன். இளமையில் சினிமாக்காரர்களுக்காகக் குதிரையிலிருந்து விழுந்து காட்டியவன். இடுப்பு போனபின் படமெடுக்க வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். அறுபத்தாறு வயது, கல்யாணமில்லை. நான் யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. அவனை மட்டும் நம்பினேன்.

“வசந்தத்துல பூவைப் படம் புடிக்கலாம். மண்ணைப் புடிக்கணும்னா இலையுதிர்காலத்து முதல் மழைக்கு மறுநாள் வரணும். புழுதி அடங்கியிருக்கும், வெயிலும் சாய்ஞ்சிருக்கும்” என்பான். அந்த மழை எந்த மாதம் என்பதை ஆகஸ்ட் முதல் பன்னிரண்டு நாள் வானத்தைப் பார்த்து, நோட்டில் குறித்துவைத்துச் சொல்வான். ஒரு நாள் ஒரு மாதத்துக்குக் கணக்கு. பத்தாம் தேதி வானம்தான் அக்டோபர். எங்கள் ஊரில் இதற்குச் சிரிக்கிறவன் கிடையாது.

வடக்கே பில்பாவோ நகரத்திலிருந்து வரும் புகைப்படக்காரி ஐனோவாவின் புத்தகத்துக்கு ஒரே ஒரு படம் பாக்கி: தூரத்து மலைவரை துல்லியமாகத் தெரியும் பாலைவனம். இரண்டு வருடமாக அவளை, “புழுதி மூடியிருக்கு, வராத” என்று போனிலேயே தடுத்துவிட்டான். இந்த வருடம் பதிப்பகம் கெடு வைத்துவிட்டது.

அவன் ஆகஸ்ட் நோட்டை என் கடையில் மறந்துவிட்டுப் போனான். புரட்டினேன். பன்னிரண்டு நாளும் ‘மங்கல்’. கழுவித் துடைத்த மாதிரி நீலமாக இருந்த நாட்களையா மங்கல் என்று எழுதுவான்? காசு வாங்கிக்கொண்டு அந்த இடத்தை வேறு எவனோ படக்காரனுக்குப் பேசி முடித்துவிட்டான், பாவி! கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொன்னேன்.

அக்டோபரில் மழை பெய்தது. அவனுக்குத் தெரியாமல் ஐனோவாவை வரவழைத்தேன். மறுநாள் விடியற்காலையில் அவளோடு அவன் வாசலில் போய் நின்றேன்.

“வண்டிய எடு. புழுதி மூடியிருக்குன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொல்லு பாப்போம்” என்றேன்.

“நீ எப்பம்மா வந்த?” என்று அவளைக் கேட்டான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வறண்ட ஆற்றுப்படுகை வழியே பழக்கத்திலேயே ஓட்டினான். ஒரு திருப்பத்தில் பாறையை உரசினான். என்மேல் உள்ள கோபம் என்று நினைத்தேன்.

மேட்டில் இறங்கினோம். ஈரமண் செம்மையும் சாம்பலுமாக மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. வடக்கே மலையின் ஒவ்வொரு பிளவும் தெரிந்தது. ஐனோவா கேமராப் பையைக் கீழே இறக்கினாள். எவாரிஸ்டோ மலைப்பக்கம் திரும்பி, கையை நெற்றியில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

“நான்தான் சொன்னேனேம்மா. மலையே தெரியல. வா, போயிரலாம்.”

பொய் சொல்கிறவன் முகம் எனக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை. கண் போய்க்கொண்டிருந்த மனிதனைத் திருடன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐனோவா கேமராவைத் தொடவில்லை. என்னையே பார்த்தாள். நான் அவன் கையிலிருந்த ஜீப் சாவியை வாங்கிக்கொண்டேன்.

“எத்தனை நாளா இப்படி, எவாரிஸ்டோ?”

“ரெண்டு வருஷமாச்சு ரெமே” என்றான் சலிப்போடு. “இந்தப் புழுதி நம்ம ஊரை விட்டுப் போகவே மாட்டேங்குது.”