இடது கால் போதும்

“சிக்னல்ல பைக்கோட சாஞ்சிட்டாங்களாம். நாலு பேர் சேர்ந்து தூக்கி விட்டாங்களாம்.” ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் யாரிடமோ சொன்னாள். கீழ்ப்படியில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த முக்காலின் காதில் அது ஒரு சொல் சிந்தாமல் விழுந்தது. பேச்சு அவளைப் பற்றித்தான்.

முக்கால் என்பது அவளுடைய உயரத்துக்கு அலுவலகம் வைத்த பெயர். கிளினிக்குகளில் ரத்த மாதிரிக் குழாய்களை வாங்கி, குளிர்பெட்டியில் அடுக்கி, பைக்கில் கொண்டுவந்து சேர்ப்பது வேலை. ஸ்கூட்டர் வாங்கிக்கொள் என்று சொல்லாத ஆள் இல்லை. “பஞ்சு மிட்டாய் கலர்ல ஒண்ணு இருக்காம். நீங்களே வச்சுக்கங்க,” என்பாள்.

சீட்டில் நேராக உட்கார்ந்தால் இரண்டு பாதமும் நுனியில்தான் தொடும். ஆகவே அவள் இரண்டை நம்புவதில்லை. நிற்கும்போது இடுப்பை இடப்பக்கம் நழுவவிடுவாள். இடது பாதம் முழுதாகத் தரையில் பதியும், வலது கால் பிரேக்கை மிதித்தபடி இருக்கும். “மத்தவங்க சிக்னலைப் பாப்பாங்க. நான் கால் வைக்கிற எடத்தைப் பாப்பேன்.” சுவரை நோக்கி இறங்கும் சரிவில் ஒருநாளும் வண்டியை விடமாட்டாள். பின்னுக்குத் தள்ள அடுத்தவன் கையை எதிர்பார்க்க வேண்டிவரும்.

சிக்னலில் அவள் விழவில்லை. வண்டிதான் விழுந்தது, அதுவும் அலுவலக வாசலில், ஆளில்லாமல். பெட்டியை ஒப்படைத்துவிட்டு வந்து பார்த்தால் கண்ணாடி உடைந்து, பிரேக் பிடி வளைந்து கிடந்தது. அன்று காலையிலேயே கால் வழக்கத்தைவிட நன்றாக எட்டியது. காற்று இறங்கிவிட்டதோ என்று இரண்டு டயருக்கும் அடித்துக்கொண்டு வந்திருந்தாள். சைடு ஸ்டாண்டைக் குனிந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. யாரோ வண்டியைத் தாழ்த்தியிருக்கிறார்கள். ஸ்டாண்டின் நீளம் பழையபடியே. சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி விறைப்பாக நின்று, ஒரு காற்றுக்கு மறுபக்கம் கவிழ்ந்துவிட்டது.

யாரோ என்ன யாரோ. அண்ணன்தான்.

“நீ தூங்கிட்டிருந்தே. மெக்கானிக்கை வரச்சொல்லி ரெண்டு இஞ்ச் எறக்கச் சொன்னேன். உன் நல்லதுக்குத்தானே,” என்றான் போனில்.

“என்னை எழுப்பிக் கேக்க உனக்கு வாய் வரலியா?”

“கேட்டா நீ விடமாட்டே.”

“அது தெரிஞ்சுதானே செஞ்சிருக்கே.” வைத்துவிட்டாள்.

மேற்பார்வையாளருக்கு வதந்தியே போதுமானதாக இருந்தது. “ரெண்டு காலும் ஊனாம ஓட்டறது ரிஸ்க்ம்மா. நாளையிலேருந்து கவுன்டர்ல உக்காருங்க. ஏசி ரூம்.”

“ரெண்டு காலும் தரையிலயே இருக்கணும்னா நான் நடந்தே போயிடுவேனே சார். நான் வண்டி நிறுத்தி என்னிக்காவது பாத்திருக்கீங்களா?”

இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததெல்லாம் அவளுடைய உயரத்தைத்தான்.

“காலையில பெட்டியோட வாசல்ல நில்லுங்க. பாத்துட்டு அப்புறம் உக்கார வைங்க.”

சாயங்காலம் மெக்கானிக்கிடம் போய்ப் பழைய உயரத்துக்கே ஏற்றச் சொன்னாள். “அண்ணன் சொன்னாரேன்னு…” என்று அவன் இழுத்தான். “ஓட்டறது அண்ணனா?” அவன் ஸ்பானரை எடுத்தான்.

மறுநாள் வாசல் சரிவின் உச்சியில் மேற்பார்வையாளர் காலிப் பெட்டியோடு நின்றார். அவள் உச்சிவரை போகவில்லை. ஏற்றத்தின் நடுவிலேயே நிறுத்தினாள். இடுப்பு நழுவியது, இடது பாதம் பதிந்தது, வலது கால் பிரேக்கில். வண்டி அசையவில்லை. அவர் இறங்கி வந்து முதலில் காலைப் பார்த்தார், பிறகு சக்கரத்தைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பின்னால் வைத்துக் கட்டத் தொடங்கினார். பழக்கமில்லாத கை, வார் இரண்டு தரம் நழுவியது. அவர் கட்டி முடிக்கும்வரை அவள் சரிவில் அப்படியே நின்றாள்.

கைப்பிடியில் மாட்டியிருந்த போன் அதிர்ந்தது. அண்ணன்.

“கட்டியாச்சா சார்?”

“ஆச்சும்மா.”

அவள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.