திரும்பி வந்த மூடைகளின் காகிதம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் என்று யாரும் முழுதாகச் சொல்வதில்லை; காய் என்றாலே அதுதான். நான் ஒரு காய்க் கடையில் கடிதப் போக்குவரத்து பார்த்துவந்தேன். பச்சையும் பருமனுமாக இருப்பவை கப்பலேறும். வெடித்ததும் வெளிறியதும் நமக்கு. காசுள்ளவன் நல்லதைத் தின்கிறான், அவ்வளவுதானே என்று இருந்தேன்.

ஒருமுறை கப்பலேறிய மூடைகள் அப்படியே திரும்பி வந்தன. கூடவே ஒரு காகிதம். காயில் பூச்சிமருந்து அளவுக்கு மேல் இருக்கிறதாம். எந்தெந்த மருந்து என்று பெயர் பெயராக அச்சடித்திருந்தார்கள். பணக்கார நாடு என்றால் பெரிய ரோடும் கட்டடமும் என்று நினைத்திருந்தேன். தின்னும் பண்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க ஆள் இருப்பதும் அதில் சேர்த்தி என்று அன்றுதான் உறைத்தது.

முதலாளி அலட்டிக்கொள்ளவில்லை. "நம்மூரு சனம் திங்காததா? உள்ளூர் லோடுல கலந்து விடு. அந்தத் தாளு யாரு கண்ணுலயும் படக்கூடாது" என்றார். நானே நின்று கலக்கவிட்டேன்.

அது போடிமெட்டுக்கு மேலே உள்ள ஒரு எஸ்டேட்டின் காய். எங்கள் கடையில் காய் பிரிக்கும் தேவாரத்துப் பெண்ணின் புருஷன்தான் அங்கே மருந்தடித்தவன். மூன்று நான்கு டப்பாக்களை ஒரே டிரம்மில் ஊற்றிக் குச்சியால் கலக்குவார்கள். எதுவானாலும் அவர்களுக்கு மருந்துதான். பெயரை யாரும் படிப்பதில்லை. அந்த வருஷம் அவனுக்குக் கை நடுங்கத் தொடங்கி, சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் போனது.

அவள் என் மேசைக்கு வந்து நின்றாள். "அண்ணே, என்ன மருந்து அடிச்சாருன்னு டாக்டரு கேக்குறாரு. இவருக்கும் தெரியல, மேஸ்திரிக்கும் தெரியல. வெளிநாட்டுக்காரன் பேரெல்லாம் எழுதி அனுப்பியிருக்கானாம்ல? அதைக் குடுங்கண்ணே, காட்டிட்டு வெரசா கொண்டாந்துர்றேன்."

காகிதம் என் இழுப்பறையில் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம். "முதலாளிகிட்ட இருக்கு தாயி" என்றேன்.

அவள் உடனே போகவில்லை. "ரெண்டு காய் திங்கிறவுகளுக்கே இம்புட்டுப் பாத்திருக்காக" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மழைக்காலம் முடியுமுன் அவன் செத்துப்போனான். காகிதத்தைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. நான் பாவி என்பது மட்டும் தெரியும்.

அவள் இப்போதும் அந்தக் கடையில்தான் காய் பிரிக்கிறாள். கடைவீதியில் பார்த்தால், "நல்லாருக்கீகளாண்ணே?" என்று கேட்கிறாள். வீட்டில் பாயசத்துக்குக் காய் தட்டினால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். காகிதம் என்னிடமேதான் இருக்கிறது. அதிலுள்ள மருந்துப் பெயர்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவள் புருஷன் பெயரை நான் கேட்டதே இல்லை.