வாரம் ஒரு பாக்கெட்

நான் நான்காம் வகுப்பு படித்தபோது அப்பா ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தார். மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த தரைத்தள வீட்டுக்குள் வெயில் எட்டிப் பார்த்ததே கிடையாது. கறிச்சோறு தின்று குட்டி மளமளவென்று வளர்ந்தது. முன்னங்கால்கள் மட்டும் வளைந்துகொண்டே போயின.

எலும்பில் சத்து ஏறவில்லை என்றார் கால்நடை டாக்டர். காலை வெயிலில் விடவேண்டும், டானிக்கை அளவு பார்த்துக் கொடுக்கவேண்டும், மெல்லத்தான் சரியாகும் என்றார். எனக்கு அந்த 'மெல்ல' பிடிக்கவில்லை. தெருப் பிள்ளைகள் அது நடப்பதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

புருஷனைப் பிரிந்து வந்த அத்தை அப்போது எங்களோடு இருந்தாள். அவளுக்கும் எலும்பு வலி. வாரம் ஒன்றாகப் பாலில் கலந்து குடிக்க, வைட்டமின் டி பொடி எட்டுப் பாக்கெட் வாங்கி வைத்திருந்தாள்; இன்னும் குடிக்க ஆரம்பிக்கவில்லை. பெரியவர்களுக்கே வாரம் ஒன்று போதுமென்றால் தினம் ஒன்று கொடுத்தால் குட்டி ஓடவே ஆரம்பித்துவிடும் என்று கணக்குப் போட்டேன். யாருக்கும் தெரியாமல் அதன் பாலில் கலந்தேன். எட்டு நாளில் எட்டும் தீர்ந்தன.

குட்டி ஓடவில்லை. ஓயாமல் தண்ணீர் குடித்தது, வாந்தியெடுத்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. கிட்னி போய்விட்டது என்றார் டாக்டர்.

"வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள். "நான்தான் குடுத்தேன், டாக்டர். சீக்கிரம் தேறட்டுமேன்னு என் பவுடரைப் பால்ல கலந்துட்டேன்."

மறுநாள் குட்டி செத்துப்போனது. அப்பா அத்தையோடு பேசுவதை நிறுத்தினார். "வாயில்லா ஜீவனைக் கொன்னுட்டா" என்று அவள் காதுபடவே அம்மாவிடம் சொன்னார். அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. நங்கநல்லூரில் ஒற்றை அறை ஒன்றைப் பார்த்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆட்டோ வாசலில் நிற்க, "அத்தை கிளம்பறேன்டி, வா" என்று கூப்பிட்டாள். நான் கட்டிலில் முகம் புதைத்துக் கிடந்தேன், போகவில்லை. நான் கொடுத்தது போதாதென்று அவளும் கொடுத்திருக்கிறாள், அதுதான் குட்டியைக் கொன்றுவிட்டது என்று மனதார நம்பினேன். எட்டையும் நானே தீர்த்திருக்க, அவள் கொடுப்பதற்கு மிச்சம் ஏது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.