பழுதில்லாத லாட் ஏன் நின்றது?

செவ்வாய்க்கிழமை மத்தியானம். கம்பெனி நேரம். வேலைக்குப் போன மாடி வீட்டுச் செல்வி பாதியிலேயே திரும்பி வந்து எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் செத்துப்போயிருந்தது.

செல்விக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. லாட் லாட்டாக, அதாவது கட்டுக் கட்டாக, தைத்து வரும் டி-ஷர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் டேப்லட்டில் தட்டிவிட வேண்டும். அப்படி ஒரு கண் அவளுக்கு! என் சேலையில் ஒரு பொட்டு எண்ணெய் பட்டிருந்ததை மாடியில் இருந்தே பார்த்துச் சொன்னவள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது, மருமகள் கவிதா திருத்திக் கொடுக்கிறாள். நடுவில் நான் இருமினால் அதையும் எழுதப் பார்க்கிறது அந்தப் போன்... அது கிடக்கட்டும்.

"என்ன கண்ணு, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டேன்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல ஆச்சி. நான் லாட்டைப் பாக்கவே இல்லன்னு சொல்லுதாவ. சும்மா ஓகே தட்டிட்டேனாம். வெளிநாட்டுக்காரன் கம்ப்யூட்டர்ல 'செக்கிங் நடக்கல'ன்னு வந்துட்டாம். லோடு நிக்கி. வீட்டுக்குப் போ, நாளைக்கு உன்னய என்ன செய்யன்னு பாப்போம்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

"நீ பாத்தியா, இல்லியா?"

"ஒவ்வொரு பீஸா பாத்தேன் ஆச்சி! ஒரு பழுது கெடையாது!"

முன்னறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த கவிதா சட்டென்று திரும்பினாள். அந்தக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுவது அவள்தான். செல்விக்கு அங்கே வேலை சொல்லிவிட்டதும் அவள்தான்.

"ரிப்போர்ட்டை அனுப்பற சோப் சர்வீஸ் என்னுதுங்கத்தை..." என்றாள், குரல் இறங்கி.

"சோப்பா?"

"நீங்க நெனைக்கிற சோப்பு இல்லீங்க."

அப்புறம் என்ன சோப்பு? எனக்கு ஒன்று தெரியாது என்றால் இருப்புக்கொள்ளாது. கவிதாவுக்கும் அது தெரியும். சொல்லாவிட்டால் வேலை பார்க்க விடமாட்டேன் என்று புரிந்துகொண்டு, கீபோர்டில் இருந்து கையை எடுக்காமலே சொன்னாள்.

"முதலிபாளையத்துல இருந்து கட்டில் கொண்டாந்தமே, எப்படிங்க கொண்டாந்தம்?"

"கழட்டித்தான். அப்படியே எந்தக் கதவுல நொழையும்?"

"காலு, சட்டம், பலகைன்னு சாக்பீஸ்ல பேரெழுதி வண்டியேத்தி, இங்க வந்து பூட்டுனம்ல? அதேதாங்க இது. நான் ப்ரோகிராம் எழுதற ஜாவாவுல செல்வியோட ரிப்போர்ட்டு ஒரு முழுக் கட்டிலு. அப்படியே ஒயர்ல போகாது. கழட்டி, ஒவ்வொண்ணுக்கும் பேரெழுதி, சோப்புங்கற கவர்ல போட்டு அனுப்பறம். அந்தப் பக்கம் பேரைப் பாத்துப் பூட்டிக்குவாங்க. கழட்டி அனுப்பறதுக்குத்தான் சீரியலைஸ் பண்றதுன்னு பேரு."

எவ்வளவு அழகான காரியம்! கடல் தாண்டி ஒரு கட்டில் போய் நிற்கிறது. எங்கள் கட்டிலுக்கு ஒரு கால் இன்னும் ஆடுகிறது என்பது வேறு விஷயம்.

"பழுது நெறைய இருந்தா?"

"அதுக்கு லிஸ்ட்டுன்னு ஒரு பை இருக்குங்க. எல்லாம் அதுக்குள்ள."

வாசற்படியில் இருந்து செல்வி குரல் கொடுத்தாள். "நேத்து லாட்டுல நாலு பீஸு தையல் விட்டிருந்துது அக்கா. தட்டிவிட்டேன். அது மட்டும் ஒழுங்கா போயிட்டே!"

கவிதாவின் விரல் நின்றது. நேற்றுப் போன கவரையும் இன்றைக்குப் போன கவரையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பை போகலீங்கத்தை."

நடந்தது இதுதான். கவிதாவின் ப்ரோகிராம் பைக்குள் இருக்கும் ஒவ்வொரு பழுதுக்கும் பேரெழுதி அனுப்புகிறது. ஆனால் பைக்கென்று தனியாக ஒரு பேர் எழுதவில்லை. உள்ளே ஏதாவது இருந்தால் சிக்கல் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லையா? எழுத ஒன்றுமில்லை. பை வந்த சுவடே இல்லை. அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கோ காலிப் பை வந்தால் 'பார்த்தாயிற்று, பழுது இல்லை' என்று அர்த்தம். பையே வராவிட்டால் 'பார்க்கவே இல்லை'.

இந்த சர்வீஸ் வந்ததே அண்மையில்தான். இதுவரை போன லாட்டில் எல்லாம் ஒன்றிரண்டு பழுதாவது இருந்திருக்கிறது. ஒரு பழுதும் இல்லாமல் போனது இதுதான் முதல்.

யோசித்துப் பாருங்கள். பழுது இருந்த லாட் கப்பலுக்குப் போய்விட்டது. பழுதில்லாத லாட் நின்றுவிட்டது! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதீய ஆச்சி. எம் பொழப்பு நிக்கி" என்றாள் செல்வி. வாயை மூடிக்கொண்டேன்.

கவிதா பைக்கு வெளியே ஓர் உறை போட்டு, அதற்கு 'பழுதுகள்' என்று பேர் எழுதினாள். இனி உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் உறை போகும். திரும்ப அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்தில் இருந்து 'சரி' என்று பச்சையாக வந்தது. மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க சார், சரியாயிருச்சுங்க. பாருங்க."

பேசி முடித்து போனை வைத்தாள்.

"என்ன சொன்னாரு?"

"லோடு ஏத்தறேன்னாருங்கத்தை."

"செல்வியப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

எனக்கு உண்மையிலேயே சந்தேகம் வந்தது. "இது காலிப் பையா கண்ணு, இல்ல பையே வரலியா?"

கவிதா என்னைப் பார்த்தாள். செல்வியைப் பார்த்தாள். தன் தப்பை மேலே சொன்னால் அடுத்த மீட்டிங்கில் அவள் தலை உருளும். தெரியாதா அவளுக்கு? மறுபடி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், தப்பு என்ற ப்ரோகிராம்லீங்க. செல்வி எல்லா பீஸும் பாத்திருக்குதுங்க. பக்கத்துலதான் இருக்குது. ஒரு வார்த்தை நீங்களே சொல்லீருங்க."

அந்தப் பக்கம் மெஷின் சத்தத்துக்கு நடுவே மேனேஜர் குரல் வந்தது.

"செல்வி... நீ சரியாத்தாம்மா பாத்திருக்கற. உம்மேல ஒரு தப்பும் இல்ல. நாளைக்கு வந்துரு சாமி."

"சரிங்க சார்" என்ற செல்வி அதற்கப்புறம்தான் அழுதாள்.

எத்தனை வீட்டில் எத்தனை 'ஒண்ணும் சொல்லல'! பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பத்து நாளாகப் பேசவில்லை. பிடித்துப்போய்ப் பேசவில்லையா, யோசிக்கவே இல்லையா? யாருக்குத் தெரியும்? குறையில்லை என்றால் அதையும் ஒரு கவரில் போட்டு அனுப்பத்தான் வேண்டும் போல.

அன்றைக்கே ஆரம்பித்தேன். தட்டைக் கழுவிக்கொண்டே, "கொழம்புல ஒரு கொறையும் இல்ல கண்ணு" என்று கவிதாவிடம் சொன்னேன்.

ஓடி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சலுங்களா அத்தை?"